வாசலுக்கு ஒரு குரோஷே வளையம்: நூல் வாங்குவதிலிருந்து ஆணியில் மாட்டுவது வரை

மாவிலைத் தோரணம் மூன்றாம் நாள் சுருண்டுவிடும். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பூமாலை கச்சான் காற்றில் ஒரு கோடை ஆடினால் வெளுத்துத் தூசி படிந்து போகும். குரோஷே என்பது கொக்கி முனை கொண்ட ஊசியால் நூலைப் பின்னுவது. அப்படி நூலில் பின்னிய வளையத்தைக் கழுவலாம், காயவைக்கலாம், பருவத்துக்கு ஏற்றபடி பூவை மாற்றலாம். ஒழுங்காகச் செய்தால் பல வருடம் இருக்கும். ஆனால் வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து அப்படியே செய்தால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து உப்புக் காற்றுக்கும் மாரி ஈரத்துக்கும் ஆறு மாதம்கூடத் தாங்காது. கம்பி துருப்பிடிக்கும், பசை இளகும், கஞ்சி போட்ட இதழில் பூஞ்சணம் பூக்கும். இங்கே சொல்லும் முறை இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான்.

சங்கிலி போடவும் ஒற்றைப் பின்னல் போடவும் தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் பின்னப் பின்ன வரும்.

1. நூல் வாங்குமுன் வடிவத்தை முடிவு செய்யுங்கள்

எங்கள் ஊர்களில் மலர் வளையம் என்றதும் மரண வீடுதான் நினைவுக்கு வரும். முழு வட்டத்தையும் பூவால் நிரப்பி, அதுவும் வெள்ளையிலோ ஊதாவிலோ செய்து வாசலில் மாட்டினால் வருகிறவர்கள் படியிலேயே நின்று விசாரிப்பார்கள். பெரியவர்கள் கழற்றச் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. இருபது மணித்தியாலம் செலவழித்த பிறகு இதைக் கேட்பதைவிட முதலிலேயே தவிர்ப்பது நல்லது.

அதனால் வளையத்தின் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் இலையால் மூடுங்கள். மேல் பகுதி வெறுமனே தெரியட்டும். கீழே கொத்தாக ஏதாவது தொங்கட்டும். அப்போது அது தோரணத்தின் சாயலுக்கு வந்துவிடும். பச்சையும் மஞ்சளும் முன்னுக்கு நிற்கட்டும், வெள்ளையை ஓரத்துக்கு மட்டும் வையுங்கள். 25 சென்டிமீற்றர் விட்டம் சாதாரண வீட்டுக் கதவுக்குச் சரியாக இருக்கும். 35 சென்டிமீற்றருக்குப் போனால் வேலையும் நூலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். முதல் வளையத்துக்கு அது வேண்டாம்.

வளையமும் இலையும் நிரந்தரம். அவற்றின்மேல் கட்டிக் கழற்றும்படி மூன்று பருவத்துக்கு மூன்று பாகம்: தைப்பொங்கலுக்கு நெற்கதிர், சித்திரைக்குக் கொன்றை, மாரிக்கு அல்லி. மூன்றையும் ஒரே தடவையில் பின்ன நினைக்காதீர்கள். முதல் வருடம் ஒன்று போதும்.

2. பொருட்களும் செலவுக் கணக்கும்

விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். ஆகவே கணக்கைக் கிராமில் போடுங்கள். 25 சென்டிமீற்றர் வளையத்துக்கு நூல் இவ்வளவு போகும்:

- வளைய உறை, மண்ணிறம்: 30 கிராம்
- மாவிலை, கரும்பச்சை: 15 கிராம்
- தளிர், செம்பு கலந்த மாந்தளிர் நிறம்: 5 கிராம்
- கொன்றை, மஞ்சள்: 15 கிராம்
- காம்பும் கட்டுக் கயிறும், இளம்பச்சை: 8 கிராம்
- நெற்கதிர், பொன்னிறம்: 8 கிராம்
- அல்லி, நீலம் அல்லது இளஞ்சிவப்பு: 15 கிராம்

மொத்தம் 100 கிராமுக்குச் சற்றுக் கீழே. ஆனால் நூல் 50 கிராம் உருண்டையாகத்தான் கிடைக்கும். ஏழு நிறத்துக்கு ஏழு உருண்டை என்றால் 350 கிராமுக்குக் காசு கொடுக்கிறீர்கள், மூன்றில் ஒரு பங்குகூடப் பாவிக்கப் போவதில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு தொகுதி வாங்கிப் பிரித்தெடுப்பதுதான் செலவைக் குறைக்கும் ஒரே நல்ல வழி. தனியாகச் செய்வதென்றால் பச்சை இரண்டையும் ஒன்றாக்குங்கள். செம்பு நிறத்துக்குப் பதில் மண்ணிற நூலையே எடுக்கலாம்.

எந்த நூல்? 5 பிளை (ஐந்து இழை) மில்க் காட்டன் இந்த வேலைக்குப் பொருத்தம். பெரும்பாலும் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்தது. மென்மையாக இருக்கும், தையல் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். முழுப் பருத்தி இதழுக்கு இன்னும் அழகு, ஆனால் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். வளையம் விறாந்தைக்கு வெளியே வெயில் படும் கதவில் தொங்கப் போகிறது என்றால் அக்ரிலிக் நூலே சரி. அது தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது, நிறமும் நிற்கும். ஆட்டு ரோம உல்லன் வேண்டவே வேண்டாம். அந்துப்பூச்சிக்குத் தீனி.

நூலைத் தவிர வேண்டியவை: 2.5 மில்லிமீற்றர், 3 மில்லிமீற்றர் குரோஷே ஊசி ஒவ்வொன்று. முனை மழுங்கிய பெரிய கண் தையல் ஊசி ஒன்று. அளவு டேப். ஹார்ட்வெயார் கடையில் அரை இஞ்சி தோட்ட ஹோஸ் பைப் 80 சென்டிமீற்றர். ஒரு மீற்றராகத்தான் வெட்டித் தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பைப்பின் துளைக்குள் இறுக்கமாகப் போகும் 4 சென்டிமீற்றர் தடித் துண்டு. ரெஜிபோம் (பாரமில்லாத வெள்ளை நுரைப்பொருள்) பலகைத் துண்டு ஒன்று. துருப்பிடிக்காத குண்டூசி ஒரு பெட்டி.

மட்டக்களப்பு நகரிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் தையல் சாமான் கடைகளில் ஊசியும் நூலும் தேடலாம். சிறிய கடைகளில் நிறத் தெரிவு குறைவு. கொழும்பிலிருந்து கூரியரில் எடுப்பதென்றால் ஒரே தடவையில் எல்லாவற்றையும் எடுங்கள். ஒரு உருண்டை குறைந்து மறுபடி அழைப்பித்தால் நூலின் விலைக்குச் சமமாகக் கூரியர் கூலி வந்து நிற்கும்.

3. உருண்டையைச் சுற்றிய லேபலை எறியாதீர்கள்

இந்த வேலைக்கு ஆவணம் என்றால் அந்தக் கடதாசித் துண்டுதான். அதில் நான்கு விடயம் இருக்கும்: நிற இலக்கம், சாயத் தொகுதி (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூல்கள்) இலக்கம், எடையும் நீளமும், ஊசி அளவு. புதியவர்கள் நிற இலக்கத்தை மட்டும் பார்ப்பார்கள். ஒரே நிற இலக்கத்தில் வேறு சாயத் தொகுதி வந்தால் கடை வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது. வாசலில் பகல் வெளிச்சத்தில் பாதி இலை ஒரு பச்சை, மீதி இலை இன்னொரு பச்சையாக நிற்கும். இலைக்கு அது பரவாயில்லை, மரத்திலும் அப்படித்தான். வளைய உறைக்கு வந்தால் ஒட்டுப் போட்டதுபோல் தெரியும். உறைக்கு வேண்டிய நூலை ஒரே தொகுதியில் எடுங்கள்.

ஒரு கொப்பியில் லேபலை ஒட்டி, பக்கத்தில் எந்த ஊசி, எத்தனை சங்கிலி, எத்தனை இலை முடிந்தது என்று எழுதிக்கொண்டே போங்கள். அடுத்த வருடம் அல்லி பின்னும்போது இந்தக் கொப்பிதான் கைகொடுக்கும்.

சாயம் போகிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு முழ நூலை நனைத்து, சவர்க்காரம் தொட்டு, வெள்ளைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் அழுத்தி வையுங்கள். செம்பு நிறமும் கடும் நீலமும்தான் அதிகம் கசியும். கசிந்தால் அந்த உருண்டையை வேறு வேலைக்கு வைத்துவிடுங்கள். மஞ்சள் பூவில் ஏறிய கறை போகாது.

4. பின்னல் பெயரில் ஏமாறாதீர்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பழைய பிரித்தானிய முறைப் புத்தகங்களில் டபிள் குரோஷே என்று இருப்பதும் அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்று இருப்பதும் ஒரே பின்னல். அமெரிக்க முறை டபிள், பிரித்தானிய முறையில் ட்ரெபிள். பாடசாலையில் அந்தக் காலம் படித்த அம்மாவும் யூடியூபில் படித்த மகளும் ஒரே சொல்லைச் சொல்லி வேறு வேறு பின்னலைப் போடுவதற்குக் காரணம் இதுதான். அம்மா பிழையாகச் சொல்லவில்லை, மகளும் பிழையாகச் செய்யவில்லை.

பெயரை விட்டுவிட்டு ஊசியில் நூல் எத்தனை தரம் சுற்றுகிறது என்று பாருங்கள். இந்தக் கட்டுரையில்:

நழுவு: ஊசியைக் கண்ணுக்குள் விட்டு, நூலை இழுத்து, ஊசியிலுள்ள கண்ணுக்குள்ளாலும் அதே இழுப்பில் எடுப்பது.

ஒற்றை: முன்கூட்டிச் சுற்றாமல் ஊசியை விட்டு நூலை இழுத்து, ஊசியில் நிற்கும் இரண்டு கண்ணையும் ஒன்றாக முடிப்பது.

அரை: முதலில் ஒரு சுற்று, ஊசியை விட்டு நூலை இழுத்து, மூன்று கண்ணையும் ஒரே இழுப்பில் முடிப்பது.

இரட்டை: முதலில் ஒரு சுற்று, ஊசியை விட்டு நூலை இழுத்து, இரண்டு கண் முடித்து, மீண்டும் இரண்டு கண் முடிப்பது.

லேபலில் 3 மில்லிமீற்றர் ஊசி என்று இருந்தாலும் இலைக்கும் பூவுக்கும் 2.5 எடுங்கள். சட்டை பின்னும்போது துணி மெதுவாக விழவேண்டும். இங்கே இதழ் நிமிர்ந்து நிற்கவேண்டும். ஊசியைச் சிறிதாக்கி இறுக்கமாகப் பின்னினால் கஞ்சியோ பசையோ தேவைப்படாது. கஞ்சி போட்டால் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் வரும், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துப் பூசினாலும் முதல் கழுவலிலேயே இளகிவிடும்.

5. வளையச் சட்டம்

கம்பி வளையம் வாங்காதீர்கள். நாகம் பூசிய கம்பியாக இருந்தாலும் வெட்டிய முனையிலிருந்து துரு தொடங்கி நூலில் மண்ணிறக் கறையாக ஏறும். கடற்கரையோரக் களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் அது இன்னும் கெதியாக நடக்கும். ரெஜிபோம் வளையம் பாரமில்லாதது. ஆனால் விழுந்தால் உடையும், சூடான பசை பட்டால் உருகும். பிரம்பு வளையம் அழகு, மாரியில் கறுத்துப்போகும். ஹோஸ் பைப் துருப்பிடிக்காது, உக்காது, கழுவலாம்.

80 சென்டிமீற்றர் வெட்டுங்கள். வட்டமாக்கினால் விட்டம் 25 சென்டிமீற்றரைச் சற்றுத் தாண்டும். பைப் கடையில் சுருளாக இருந்த திசையிலேயே வளையுங்கள், எதிர்த் திசையில் வளைத்தால் நெளியும். இரண்டு முனையையும் ஒரு நிமிடம் வெந்நீரில் பிடித்தால் இளகும். அப்போது தடித் துண்டைப் பாதிப் பாதியாக இரு பக்கத்திலும் செருகி அழுத்துங்கள். தடி 4 சென்டிமீற்றருக்கு மேல் நீண்டால் அந்த இடம் நேராக நின்று வளையம் முட்டை வடிவாகிவிடும். ஓர் இரவு தட்டையான இடத்தில் பாரம் வைத்து விடுங்கள்.

6. உறை

2.5 ஊசியில் 13 சங்கிலி போடுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி 12 அரை. சங்கிலி 1 போட்டுத் திருப்பி, மறுபடி 12 அரை. இப்படியே போகவேண்டும்.

பத்து வரிசை முடிந்ததும் நிறுத்தி அகலத்தை அளங்கள். 5 சென்டிமீற்றர் வரவேண்டும். 5.5க்கு மேல் வந்தால் உறை தொளதொளவென்று சுருங்கி நிற்கும், அரையின் எண்ணிக்கையை 11 ஆக்கித் தொடங்குங்கள். 4.5க்குக் கீழே வந்தால் பைப்பைச் சுற்றி மூடாது, அரையை 13 ஆக்குங்கள். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் செலவழிக்காமல் விட்டால் மூன்று மணித்தியால வேலையை அவிழ்க்க நேரும்.

நீளம் 78 சென்டிமீற்றர் வரும்வரை பின்னுங்கள். ஏறக்குறைய 115 முதல் 125 வரிசை வரும். எண்ணிக்கையை நம்பாமல் டேப்பை வைத்து அளங்கள். பட்டி போகப் போக ஒடுங்குகிறதா? வரிசையின் கடைசிக் கண்ணைத் தவறவிடுகிறீர்கள். முதற்கண்ணிலும் கடைசிக் கண்ணிலும் வேறு நிற நூல்துண்டைச் செருகி அடையாளம் வைத்துக்கொண்டால் தவறாது.

பட்டியைப் பைப்பைச் சுற்றி மூடி, ஓரம் இரண்டையும் வளையத்தின் உள்பக்கமாகத் தையல் ஊசியால் சேர்த்துத் தையுங்கள். பைப் ஒட்டு இருக்கும் இடத்திலிருந்து தொடங்கினால் அங்கே இரண்டு தடிப்பும் சேர்ந்து மேடு கட்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

பைப்பைச் சுற்றி நேரடியாகவே ஒற்றைப் பின்னல் போட்டு மூடலாம், வேகமாக முடியும். ஆனால் கழற்றவே முடியாது, பின்னல்களை நெருக்கித் தள்ளாவிட்டால் இடையில் பைப் தெரியும். தனி உறையே நல்லது.

7. இலை: 12 மாவிலை, 4 தளிர்

சங்கிலியை மட்டும் 3 மில்லிமீற்றர் ஊசியில் போடுங்கள், 18 சங்கிலி. பிறகு 2.5க்கு மாறுங்கள். சங்கிலி இறுக்கமாக இருந்தால் இலை கிண்ணம்போல் குழியும். பலர் இதை நூலின் குறை என்று நினைத்து நூலை மாற்றிப் பார்க்கிறார்கள். ஊசியை மாற்றினால் போதும்.

இரண்டாவது சங்கிலியிலிருந்து: 1 ஒற்றை, 3 அரை, 9 இரட்டை, 3 அரை, 1 ஒற்றை. மொத்தம் 17. முனையில் சங்கிலி 2. இப்போது அதே அடிச்சங்கிலியின் மறுபக்கத்தில் திரும்பிப் போங்கள்: 1 ஒற்றை, 3 அரை, 9 இரட்டை, 3 அரை, 1 ஒற்றை. முதற்பின்னலில் நழுவு போட்டு முடித்து, 20 சென்டிமீற்றர் நூல் விட்டு வெட்டுங்கள். அந்த நூலாலேயே பிறகு வளையத்தில் தைப்பீர்கள். நடுவில் தெரியும் அடிச்சங்கிலி இலை நரம்பாக நிற்கும். ஏறக்குறைய 7 சென்டிமீற்றர் நீளம், 2 சென்டிமீற்றர் அகலம் வரும்.

தொடக்க நூல்வாலை அந்தந்த இலை முடிந்ததுமே உள்ளே ஓட்டி வெட்டிவிடுங்கள். இலையும் பூவும் மொட்டும் சேர்த்தால் தொண்ணூறுக்கு மேல் நூல்வால் வரும். கடைசிக்கு என்று சேர்த்து வைத்தவர்கள் அங்கேயே வேலையை நிறுத்திவிடுவார்கள்.

இலை எல்லாம் முடிந்ததும் நனைத்துப் பிழிந்து, ரெஜிபோம் பலகையில் வடிவாக விரித்துக் குண்டூசி குத்தி நிழலில் காயவையுங்கள். சாதாரணக் குண்டூசி ஈர நூலில் ஓர் இரவு கிடந்தாலே துருப் புள்ளி விழும், அது எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. கோடையில் ஒரு பகலில் காய்ந்துவிடும். மாரியில் இரண்டு நாள் விடுங்கள்.

8. கொன்றைக் கொத்து

சித்திரையை ஒட்டிக் கொன்றை பூத்திருக்கும். முடிந்தால் ஒரு கொத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பின்னுங்கள். ஒவ்வொரு பூவுக்கும் ஐந்து இதழ். கொத்து தலைகீழாகத் தொங்கும். காம்பின் அடியிலிருந்து பூ விரிந்துகொண்டு போவதால் தொங்கும்போது மேலே விரிந்த பூ, கீழே நுனியில் மொட்டு. இதை மாற்றிக் கட்டினால் பார்க்கிறவர்களுக்கு ஏன் என்று தெரியாது, ஆனால் கொன்றைபோல் இல்லை என்று தெரியும்.

பூ (15): மெஜிக் வளையம் (பிறகு இழுத்து இறுக்கக்கூடிய நூல் வளையம்) போடுங்கள். சங்கிலி 2, வளையத்துக்குள் 2 இரட்டை, சங்கிலி 2, வளையத்துக்குள் நழுவு. இது ஓர் இதழ். இப்படி ஐந்து. வளையத்தை இறுக்கி இழுத்து, தொடக்க நூலை இரண்டு தரம் சுற்றி ஓட்டி முடியுங்கள். ஒரு தரம் மட்டும் ஓட்டினால் கழுவும்போது நடு ஓட்டை திறந்துகொள்ளும். கொன்றையின் மகரந்தக் காம்புகளில் மூன்று நீண்டு வளைந்து நிற்கும். அதற்காக நடுவில் இளம்பச்சைத் தையல்நூலை முடிச்சிட்டு மூன்று இழை ஒரு சென்டிமீற்றர் நீட்டி விடுங்கள். சிறிய வேலைதான், பூவின் அடையாளமே அதில் இருக்கிறது.

மொட்டு (15): சங்கிலி 3. ஊசியிலிருந்து மூன்றாவது சங்கிலியில் நான்கு இரட்டையைக் கடைசி இழுப்பை மட்டும் மிச்சம் வைத்துப் போட்டு, எல்லாக் கண்ணையும் ஒன்றாக முடியுங்கள். சங்கிலி 1 போட்டு இறுக்கி, 15 சென்டிமீற்றர் நூல் விட்டு வெட்டுங்கள்.

காம்பு (3): இளம்பச்சையில் 30, 40, 50 சங்கிலி. ஒவ்வொன்றிலும் நழுவு போட்டுத் திரும்பி வாருங்கள். வெறும் சங்கிலியாக விட்டால் பாரத்துக்கு இழுபட்டு முறுக்கிக்கொள்ளும். முறையே 12, 16, 20 சென்டிமீற்றர் அளவில் வரும். மேல் நுனியிலிருந்து 3 சென்டிமீற்றர் விட்டு ஐந்து பூ, அதற்குக் கீழே ஐந்து மொட்டு, நுனிக்குப் போகப் போக நெருக்கமாகத் தையுங்கள்.

மஞ்சள் நூல் கையழுக்கை உடனே காட்டும். வெக்கை நேரத்தில் வியர்த்த கையில் ஊசியும் ஓடாது. மஞ்சளைக் காலையில் கை கழுவித் துடைத்துவிட்டுப் பின்னுங்கள், பச்சையையும் மண்ணிறத்தையும் இரவுக்கு வையுங்கள்.

9. நெற்கதிரும் அல்லியும்

நெற்கதிர் (5): பொன்னிறத்தில் 41 சங்கிலி. ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி: 2 நழுவு, பிறகு ஒரு மணி. மணி என்பது சங்கிலி 4 போட்டு, அதன் இரண்டாவது சங்கிலியில் நழுவு, அடுத்ததில் ஒற்றை, அடுத்ததில் நழுவு. மறுபடி அடிச்சங்கிலியில் 2 நழுவு, ஒரு மணி. பத்து மணி வந்ததும் மீதி 20 சங்கிலியிலும் நழுவு மட்டும். ஐந்தையும் தாளில் சேர்த்துக் கட்டினால் ஒரு சிறு கற்றை. முற்றிய கதிர் தலை சாய்ந்துதான் நிற்கும், அதனால் தாள் மேலும் மணி கீழுமாகவே கட்டுங்கள்.

அல்லி (1 அல்லது 2): மெஜிக் வளையத்தில் 8 ஒற்றை. ஒவ்வோர் ஒற்றையிலும் ஓர் இதழ்: சங்கிலி 9, இரண்டாவதிலிருந்து 1 நழுவு, 1 ஒற்றை, 2 அரை, 2 இரட்டை, 1 அரை, 1 ஒற்றை, அடுத்த அடிக்கண்ணில் நழுவு. இதேபோல் இன்னொரு சிறிய அடுக்கு: சங்கிலி 7, 1 நழுவு, 1 ஒற்றை, 3 அரை, 1 ஒற்றை. சிறியதைப் பெரியதின்மேல், கீழிதழ்களின் இடைவெளிக்கு மேலிதழ் வரும்படி வைத்து, நடுவில் மஞ்சள் நூலால் தையுங்கள். அல்லி எட்டு இதழையும் ஒரே மாதிரிக் கேட்கும். இறுக்கம் பழகிய பிறகு, இரண்டாவது வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

10. பொருத்துதல்

வளையத்தை மணிக்கூட்டு முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். பத்து மணியிலிருந்து பன்னிரண்டைக் கடந்து இரண்டு மணிவரை வெறுமை. இரண்டு மணியிலிருந்து ஆறுவரை எட்டு இலை, பத்திலிருந்து ஆறுவரை எட்டு இலை. எல்லா நுனியும் ஆறை நோக்கிச் சாயவேண்டும்.

கிடுகு வேய்வதுபோல் கீழிருந்து மேலே தையுங்கள். ஆறு மணிக்கு அருகில் முதல் இலை, அதன் காம்பை மறைத்தபடி அடுத்த இலையின் நுனி. 3.3 சென்டிமீற்றருக்கு ஒன்று. ஒன்றைச் சற்று வெளியே சாய்த்தால் அடுத்ததைச் சற்று உள்ளே. பக்கத்துக்கு இரண்டு தளிரை ஆறு மணிக்கு அருகே வையுங்கள், தளிர் கிளை நுனியில்தானே வரும். பத்திலும் இரண்டிலும் கடைசி இலைக் காம்பு வெளியே தெரியும். மண்ணிற நூலை அதன்மேல் ஐந்தாறு சுற்றுச் சுற்றி மறையுங்கள்.

மேலிருந்து தைக்கத் தொடங்கினால் ஒவ்வொரு காம்பும் முன்னுக்குத் தெரியும், முழுவதையும் பிரித்துத்தான் திருத்தலாம். தைப்பதற்கு முன்பு எல்லா இலையையும் குண்டூசியால் குத்தி வைத்து, இரண்டடி தள்ளி நின்று பாருங்கள்.

பருவப் பாகங்களைத் தைக்கவேண்டாம். 50 சங்கிலியில் நழுவு திரும்பிய கயிறு ஒவ்வொன்றைக் கொத்தின் தலையில் கோர்த்து, ஆறு மணியில் இலைகள் சந்திக்கும் இடத்தில் வளையத்தைச் சுற்றிப் பின்பக்கம் முடிச்சிடுங்கள். ஊக்கு, இரும்பு அழுத்துப் பொத்தான் இரண்டும் துருப்பிடிக்கும். குளூ கன் பசை வெயில் படும் கதவில் இளகிப் பூ சரியும், பிறகு கழுவவும் முடியாது.

11. எவ்வளவு நாள் வேண்டும்

புதியவருக்கு உறை 3 முதல் 4 மணித்தியாலம். இலை ஒன்றுக்கு 20 நிமிடம், பதினாறுக்கு ஐந்தரை மணித்தியாலம். பூக்கள் நான்கு மணித்தியாலம், மொட்டும் காம்பும் இரண்டரை, பொருத்துதல் மூன்று. மொத்தம் 18 முதல் 19. நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் மூன்று கிழமை, காயவைக்கும் நாட்கள் தனி. சித்திரைப் புத்தாண்டுக்கு வாசலில் இருக்கவேண்டும் என்றால் மார்ச் 10ஆம் திகதிக்கு முன் நூல் கையில் இருக்கவேண்டும். தைப்பொங்கலுக்கு என்றால் நத்தாருக்கு முன்பே இலைகளை முடித்துவிடுங்கள். அந்த நாட்களில் மழை, காயவைக்க வெயில் கிடைக்காது.

யாராவது செய்து தரச் சொல்லிக் கேட்டால் நூலின் விலையை மட்டும் சொல்லாதீர்கள். இந்த மணித்தியாலக் கணக்கையும் காட்டி விலை பேசுங்கள்.

12. மாட்டுதலும் பராமரிப்பும்

பன்னிரண்டு மணியில் கயிறு கட்டி, பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்குக் கொக்கியில் மாட்டுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் கதவில் அடித்து அடித்து இதழ் தேயும். ஒன்பது மணியிலும் மூன்று மணியிலும் பின்பக்கமாக ஒவ்வொரு சிறு கயிற்றால் கதவோடு கட்டினால் ஆடாது. மேற்குப் பார்த்த கதவென்றால் பின்னேர வெயிலில் மஞ்சள்தான் முதலில் வெளுக்கும். கதவை விட்டு விறாந்தைச் சுவரில் மாட்டலாம்.

தூசிக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை மென்மையான பல்தூரிகையால் தட்டுங்கள். கழுவும்போது பருவக் கொத்தைக் கழற்றித் தனியாக, குளிர்ந்த நீரில், முறுக்காமல் துணியில் சுற்றி அழுத்திப் பிழியுங்கள். வளையத்தை இலையோடு அப்படியே அமிழ்த்தலாம். பைப்புக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒட்டுப் பக்கம் கீழே வரும்படி ஓர் இரவு தொங்கவிடுங்கள்.

விறாந்தைக் கூரை இல்லாத வாசலென்றால் ஐப்பசி மழை தொடங்க முதல் கழற்றி உள்ளே எடுங்கள். எடுத்து வைக்கும் பாகங்கள் முழுதாகக் காய்ந்திருக்கவேண்டும். தொட்டால் குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், சருகுபோலக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போட்டு வையுங்கள். பச்சை வேப்பிலை போட்டால் அதன் ஈரமே கறை வைக்கும். நப்தலீன் உருண்டை ரெஜிபோமையும் சில பிளாஸ்டிக்கையும் அரிக்கும், ஆகையால் அதை இந்தப் பெட்டிக்குள் போடாதீர்கள். கொன்றைக் கொத்துகளை மடிக்காமல் நீளமாகப் படுக்கவைத்து, அவற்றின்மேல் வேறெதையும் வைக்காமல் மூடுங்கள்.